சறுக்கு பிரீச் துப்பாக்கி: பழைய டார்ன் ஒன்றை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மடித்துத் திறக்கும் இரட்டைக்குழலைக் கையாண்டு பழகியவர்கள் டார்ன் என்ற பிரஞ்சு வேட்டைத் துப்பாக்கியை முதன்முறை எடுத்தால் குழலை அழுத்திப் பார்ப்பார்கள். அது அசையாது. டார்னில் குழல்கள் சட்டத்தோடு நிலையாக நிற்கும், குழலின் பின்வாயை மூடும் பாகமான பிரீச் மட்டும் தண்டவாளத்தில் போவதுபோல் பின்னால் சறுக்கும். கீல் இல்லை, கீல் முளை தேய்ந்து குழல் ஆடும் நோயும் இல்லை. சட்டம் நடுவில் ஒடிய வேண்டியதில்லை என்பதால் எடையையும் நன்றாகக் குறைக்க முடிந்தது. ஆனால் இந்த அமைப்புக்கென்று சில நோய்கள் உண்டு. அவை வெளியே தெரியாதவை. பழைய டார்ன் வாங்கப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியவை அவைதான்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. பிரான்சின் லுவார் மாவட்டத்தில் உள்ள செயின்ட் எட்டியேன், நிலக்கரியும் இரும்பு வேலையும் சேர்ந்து வளர்த்த ஊர். 1764-இல் அரச ஆயுதத் தொழிற்சாலை அங்கே நிறுவப்பட்டது. 1885-இல் மனுஃப்ரான்ஸ் என்ற துப்பாக்கி நிறுவனம் தொடங்கியது. குழல் செய்பவர், கட்டை செதுக்குபவர், பூவேலை செய்பவர் என்று தெருவுக்குத் தெரு கைவினைஞர்கள் இருந்த இந்த ஊரில்தான் ரெஜி டார்ன் தன் பட்டறையை நடத்தினார். சறுக்கு பிரீச்சுக்கான அவருடைய காப்புரிமை 1894-ஐச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் அதே நிறுவனம் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளைத் தயாரித்தது. போருக்குப் பிறகு சொந்த வடிவமைப்பில் விமான இயந்திரத் துப்பாக்கிகளும் செய்தது. வேட்டைத் துப்பாக்கித் தயாரிப்பு 1979 வரை ஓடியது. அதன்பின் அங்கேயே வேலை பார்த்த போல் ப்ருஷே 1980-களில் தன் பெயரில் சிறிய எண்ணிக்கையில் தொடர்ந்தார். ஆகவே ப்ருஷே என்ற பெயரோடு வரும் சறுக்கு பிரீச் துப்பாக்கி போலி அல்ல, டார்னின் நேர் வாரிசு.

நெம்புகோலை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

பிரீச்சின் மேல் படுத்திருக்கும் நெம்புகோலின் பின்முனையில் முயல் காது போல இரண்டு காதுகள் இருக்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காதுகளைப் பிடித்து மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் பிரீச் திறக்கும். முன்னால் தள்ளிக் கீழே அமர்த்தினால் மூடிப் பூட்டிக்கொள்ளும். தோட்டாவின் விளிம்பைப் பற்றும் கொக்கிகள் பிரீச்சிலேயே இருக்கின்றன. அதனால் பிரீச் பின்னால் வரும்போது தோட்டாக் கூட்டையும் தன்னோடு இழுத்து வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது நெம்புகோலின் இயக்கத்தில் தொடக்கமும் முடிவும். காதைத் தூக்கும் முதல் சில பாகைகளில் கை நிறைய நகரும், பிரீச் மிகக் கொஞ்சமே நகரும். அதாவது அந்த இடத்தில் நெம்பு விசை மிக அதிகம். அறையில், அதாவது குழலில் தோட்டா அமரும் இடத்தில், ஒட்டிக்கொண்ட கூட்டைக்கூட அது பிடுங்கி எடுத்துவிடும். மூடும்போது கடைசி சில பாகைகளிலும் அதே கதைதான். கொஞ்சம் ஊதிப்போன தோட்டாவையும் அது அலட்டிக்கொள்ளாமல் உள்ளே அமுக்கிவிடும்.

வேட்டைக்காரருக்கு இது வரம். வாங்குபவருக்கு இதுவே ஆபத்து. மடிப்புத் துப்பாக்கியில் ஏதாவது பொருந்தவில்லை என்றால் மூடவே மூடாது, கையில் உடனே தெரிந்துவிடும். டார்னில் நெம்புகோலின் பலம் குறையை மறைத்துவிடும். துருவேறிய அறை, வளைந்த கொக்கி, வேறொரு துப்பாக்கியிலிருந்து எடுத்து மாட்டிய பிரீச் எல்லாவற்றையும் அது "டக்" என்று மூடிக் காட்டும். அந்தச் சத்தத்தை நம்பி வாங்காதீர்கள். விற்பவர் படாரென்று மூடிக் காட்டினால், வாங்கி நீங்களே இரண்டு விரலால் மெதுவாக மூடுங்கள். முதலில் அறைகள் வெறுமையாக இருக்க, பிறகு மருந்தில்லாத இரண்டு போலித் தோட்டா வைத்து. இரண்டு முறைக்கும் விரலில் தெரியும் வேறுபாடு பெரிதாக இருக்கக்கூடாது. கடைசி அங்குலத்தில் ஒரு இடத்தில் மட்டும் கரகரவென்று பிடித்தால் அந்த இடத்தில் எங்கோ உலோகம் உலோகத்தை உரசுகிறது.

மூடியபின் காதுகளுக்குக் கீழே விரல் வைத்து மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள். தெளிவான எதிர்ப்பு இருக்க வேண்டும். தானாகவே எழும்பி வருவதுபோல் இருந்தால் நெம்புகோல் முளையோ பூட்டும் பகுதியோ தேய்ந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது.

வி-யா, ஆர்-ஆ?

டார்ன் என்று சொன்னால் போதாது. சேகரிப்பவர்கள் பேசுவது இரண்டு குடும்பங்களைப் பற்றி: வி, ஆர். ஆர் வரிசை எளிமையானது. ஆர் 10-இல் தொடங்கி எண் கூடக் கூட அலங்காரமும் முடிப்பும் கூடும். சந்தையில் அதிகம் தட்டுப்படுவதும் ஆர் வகைதான். வி வரிசை உயர்ந்தது. வி 19-இல் தொடங்கி மேலே போகும். அதற்கும் மேலே வரிசை எண்ணில் அடங்காத சிறப்புத் தயாரிப்புகள் உண்டு. ஹாலிஃபாக்ஸ் என்ற பெயரில் வந்தவை மலிவுப் பதிப்பு. வேலை செய்யும் துப்பாக்கி என்ற அளவில் அவற்றில் குறையில்லை. ஆனால் டார்ன் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

பூவேலையை வைத்து வி, ஆர் என்று முடிவு செய்வது தவறு. பூவேலையைப் பிற்காலத்தில் யாரும் சேர்த்துவிடலாம். பிரீச்சை முழுதாகத் திறந்து, அதன் முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வி வகையில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசி) துளையைச் சுற்றியும் வட்டத் தட்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். மூடும்போது இந்தத் தட்டு குழலின் பின்வாயில் நுழைந்து தோட்டாவின் அடிப்பக்கத்தை அடைத்துக்கொள்ளும். வாயு பின்னால் வராமல் தடுக்கும் அடைப்பான் இது. ஆர் வகையில் இந்தத் தட்டு இல்லை. விற்பவர் வி என்று சொல்லி, தட்டில்லாத முகத்தைக் காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தட்டு இருப்பது மட்டும் போதாது. அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். விளிம்பு சில்லு பெயர்ந்திருந்தால் அடைப்பு முழுமையாக இருக்காது, தோட்டாவின் அடிப்பாகம் அந்தப் பக்கமாகப் புடைக்கும். ஸ்ட்ரைக்கர் துளையைச் சுற்றி அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருப்பது பழைய அரிக்கும் வகைக் கேப்புகளின் (தோட்டாவின் அடியில் முதலில் தீப்பற்றும் மூடிகளின்) வேலை. இரண்டு மூன்று ஊசிமுனைக் குழிகள் வயதின் அடையாளம், கவலை வேண்டாம். துளையே நீள்வட்டமாகிவிட்டதென்றால் அது வேறு விஷயம்: கேப் உலோகம் அந்த இடைவெளிக்குள் பிதுங்கும், ஸ்ட்ரைக்கர் சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு குழப்பம் பெயரில். டார்ன் குடும்பத்தில் மூத்த மகன் பெயரில் தனி நிறுவனம் ஒன்றும் இருந்தது. அதன் துப்பாக்கிகளிலும் டார்ன் என்ற சொல் இருக்கும். அதே ஊரில் ஷார்லன் என்ற பெயரிலும் சறுக்கு பிரீச் துப்பாக்கிகள் வந்தன. அவை டார்னின் நகல் அல்ல, தமக்கென்று தனி அமைப்பு கொண்டவை. அவற்றை விரும்பிச் சேர்ப்பவர்களும் உண்டு. "டார்ன் வகை" என்று தலைப்பிட்டு விற்கப்படும் துப்பாக்கியில் பிரீச் மேலும் இரண்டு குழல்களை இணைத்து ஓடும் பட்டையிலும் உள்ள முழு எழுத்தையும் படியுங்கள். ஒரு சொல்லை மட்டும் படித்து நின்றுவிடாதீர்கள். உதிரிப் பாகங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதால் இந்த வேறுபாடு பணத்தை விடவும் முக்கியம்.

குழலின் அடியில் எழுதியிருப்பது

பிரஞ்சுத் துப்பாக்கிகளைச் சேர்ப்பதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பினால் ஒரு சிறு ஜாதகமே அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். செயின்ட் எட்டியேன் சோதனை நிலையத்தின் முத்திரை, கிரீடம், ஊர்ப்பெயர், சோதனைக்குப் பயன்படுத்திய வெடிமருந்தின் எழுத்து, குழலின் உள்விட்டம், அறையின் நீளம், பல துப்பாக்கிகளில் குழல்களின் எடையும்கூட.

மருந்தின் எழுத்திலிருந்து தொடங்கலாம். பிரான்சில் வெடிமருந்து அரசின் ஏகபோகமாக இருந்தது. அரசுத் தயாரிப்புகளுக்கு ஜே, எஸ், எம், டி என்று எழுத்துப் பெயர்கள். "பி" என்ற எழுத்தோடு இவற்றில் ஒன்று சேர்ந்து கிரீடத்தின் கீழ் இருந்தால், அந்தப் புகையில்லா மருந்தை வைத்து வெடித்துச் சோதித்தார்கள் என்று பொருள். நாம் அதிகம் பார்ப்பது "பி.டி." புகையில்லா மருந்துக்கான எந்த எழுத்தும் இல்லாத பழைய குழல், அதிலும் மேற்பரப்பில் பாய் பின்னியதுபோல் வரி ஓடும் டமாஸ்கஸ் குழல் என்றால், இன்றைய கடைத் தோட்டாவை அதில் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது எண்கள். 18.4 என்றும் பக்கத்தில் 17.6 என்றும் இருந்தால் முதலாவது குழலின் உள்விட்டம், இரண்டாவது சோக், அதாவது வாய்ப்பக்கத்தில் குழல் குறுகும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். குழல் அளவைக் குறிக்கும் 'போர்' எண்ணில் 12 போருக்குப் பெயரளவு விட்டம் 18.5 மி.மீ., 16 போருக்கு 16.8, 20 போருக்கு 15.6. பிரஞ்சு வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை 16 போர். ஆகவே டார்ன் தேடும்போது 16-ஐ ஒதுக்கி வைத்தால் நல்ல துப்பாக்கிகளில் பெரும்பங்கை ஒதுக்குகிறீர்கள்.

இந்த எண்ணை இன்றைய அளவோடு ஒப்பிடுவதுதான் வேலை. பின்முனையிலிருந்து சுமார் 23 செ.மீ. தள்ளி உள்விட்டமானியால் அளவெடுங்கள். முத்திரையில் 18.4, கையில் 18.7 வருகிறது என்று வையுங்கள். யாரோ குழிகளை நீக்க உட்பக்கத்தைத் தேய்த்திருக்கிறார்கள். விட்டத்தில் 0.3 கூடியது என்றால் சுவரின் ஒவ்வொரு பக்கத்திலும் 0.15 மி.மீ. போய்விட்டது. தடித்த குழலில் இது தாங்கும். டார்னின் மெல்லிய குழல்களில் ஏற்கெனவே மிச்சம் வைக்க அதிகம் இல்லை. எனவே விட்டத்தோடு நிற்காமல் சுவரின் கனத்தையும் அதற்கான அளவியால் பாருங்கள். குழலைச் சுற்றி நான்கு இடம், நீளத்தில் ஒவ்வொரு ஐந்து செ.மீ.-க்கும் ஒருமுறை. 0.6 மி.மீ.-க்குக் கீழே எங்காவது இறங்கினால் அந்தத் துப்பாக்கியை நான் சுடுவதற்கென்று வாங்கச் சொல்லமாட்டேன்.

எடை முத்திரையை அநேகர் கண்டுகொள்வதே இல்லை. "1 கி 280" என்பது போல இருக்கும். இது குழல்களின் எடை, முழுத் துப்பாக்கியின் எடை அல்ல. குழல்களை மட்டும் கழற்றி சமையலறைத் தராசில் வையுங்கள். பத்திருபது கிராம் வேறுபாடு ஒன்றுமில்லை. அறுபது, எண்பது கிராம் குறைந்தால் உலோகம் எங்கோ போயிருக்கிறது: உட்பக்கம் தேய்க்கப்பட்டிருக்கலாம், வெளிப்பக்கம் துரு நீக்கி மறுபடி கறுப்பேற்றியிருக்கலாம், அல்லது வாய்ப்பக்கம் வெட்டியிருக்கலாம். மூன்றையும் பிரித்தறிவது எளிது. உள்விட்டம் முத்திரையோடு ஒத்துப்போனால் உள்ளே தேய்க்கவில்லை. முத்திரைகளின் விளிம்பு மழுங்கி எழுத்துகள் கரைந்ததுபோல் இருந்தால் வெளியே தேய்த்திருக்கிறார்கள். சோக் அளவு காணாமல் போய், குழல்களின் வாய் நடுவே உள்ள சந்தில் ஈயப்பற்று நிரப்பியிருந்தால் வெட்டியிருக்கிறார்கள்.

65-ஆ, 70-ஆ?

பழைய டார்ன்களில் அறை நீளம் பெரும்பாலும் 65 மி.மீ. இன்று கடையில் எளிதாகக் கிடைக்கும் தோட்டா 70. விபரீதம் என்னவென்றால் 70 தோட்டா 65 அறைக்குள் தடையே இல்லாமல் போய்விடும். தோட்டாவின் மேல் எழுதிய நீளம், சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கிறது. சுடும் கணத்தில் மடிப்பு விரியும்போது, அறை முடிந்து குழல் குறுகும் சரிவில் கூட்டின் வாய் போய் முட்டும். குண்டும் அடைப்பும் அந்த இடுக்கில் பிதுங்கிப் போக வேண்டியிருக்கும், அழுத்தம் ஏறும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாமல் போகலாம். துப்பாக்கி ஒவ்வொரு சூட்டுக்கும் விலை கொடுத்துக்கொண்டிருக்கும்.

சுட்ட கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்: வாய் விளிம்பு கிழிந்து இழை இழையாக இருந்தால் அறை குட்டை. முத்திரையில் 65 என்று இருந்தாலும் பின்னாளில் யாராவது 70-க்குக் குடைந்திருக்கலாம். அப்படிக் குடைந்திருந்தால் மறு சோதனை முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். குடைந்தும் முத்திரை இல்லையென்றால் குழலின் அதிக அழுத்தம் தாங்கும் இடத்தில் எவ்வளவு உலோகம் மிச்சம் என்று யாரும் பார்க்கவில்லை என்று பொருள். செயின்ட் எட்டியேன் தேசியச் சோதனை நிலையம் இன்றும் இயங்குகிறது, பழைய துப்பாக்கியை மறு சோதனைக்கு அங்கே கொடுக்கலாம். கொடுக்கும் முன் யோசிக்க ஒன்று உண்டு. சோதனை என்பது வழக்கத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வெடித்துப் பார்ப்பது. பலவீனமான குழல் அதில் போய்விடலாம். நன்றாக அளந்துவிட்டுக் கொடுங்கள்.

சுடுவதற்கு எடுத்தால் 65 மி.மீ. தோட்டாவே போடுங்கள், அதிலும் மென்மையானது. 16 போருக்கு 26 முதல் 28 கிராம், 12 போருக்கு 28 கிராம் போதும். இன்னொரு காரணமும் உண்டு: டார்ன் இலகுவானது, இரண்டரைக் கிலோவையொட்டிய துப்பாக்கியில் கனமான தோட்டா போட்டால் தோள் அதைத் தாங்காது, பழைய கட்டையும் தாங்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களிலும் அவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குள்ளும் ஈயக் குண்டு கூடாது. அதற்காக எஃகுக் குண்டை இந்தக் குழல்களில் போட்டுவிடாதீர்கள், இறுக்கமான பழைய சோக்கில் அது வளையம் வீங்கச் செய்துவிடும். பிஸ்மத் குண்டு விலை கூடுதல், ஆனால் ஏறக்குறைய ஈயத்தைப் போலவே மென்மையானது.

கரிப் பரிசோதனை

குழலுக்கும் பிரீச்சுக்கும் உள்ள பொருத்தம் கையால் அரம் தேய்த்துக் கொண்டுவந்தது. ஒரு துப்பாக்கியின் பிரீச் மற்றொன்றில் சறுக்கிப் போகலாம், பூட்டவும் செய்யலாம், ஆனால் பொருந்தாது. ஆகவே முதல் வேலை வரிசை எண்: குழல், சட்டம், பிரீச் மூன்றிலும் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் காரணம் கேளுங்கள்.

எண் பொருந்தினாலும் கரி வைத்துப் பார்ப்பது நல்லது. செலவு ஒரு மெழுகுவத்தி. அறைகளில் தோட்டாவோ போலித் தோட்டாவோ இருக்கக்கூடாது. பிரீச்சைத் திறந்து, அதன் முகத்தையும் குழல்களின் பின்முனையையும் எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். மெழுகுவத்திச் சுடருக்கு மேலே ஒரு கரண்டியைப் பிடித்துக் கரி சேர்த்து, அதை விரலால் எடுத்துக் குழல்களின் பின்முனையில் மெல்லிய படலமாகப் பூசுங்கள். சுடரை நேராகத் துப்பாக்கியிடம் கொண்டுபோக வேண்டாம். பிரீச்சை மெதுவாக மூடி முழுதும் பூட்டி, உடனே திறங்கள். பிரீச் முகத்தில் கரி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

நல்ல துப்பாக்கியில் இரண்டு வட்டங்களையும் சுற்றி ஏறக்குறைய சீராகக் கரி ஒட்டும். கீழ்ப்பாதியில் மட்டும் ஒட்டி மேற்பாதி பளிச்சென்று இருந்தால், மூடியபின் பிரீச்சின் மேல்பகுதி பின்னால் சாய்கிறது: தண்டவாளத்தில் தேய்மானம். ஒரு குழலில் மட்டும் ஒட்டினால் பிரீச் கோணலாக அமர்கிறது. அது பெரும்பாலும் பாகம் மாற்றியதன் அறிகுறி. அதன்பின் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுத்து, மூடிய பிரீச்சுக்கும் குழலுக்கும் நடுவே செலுத்துங்கள். 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் மிக நல்லது. 0.1 தகடு எளிதாக நுழைந்தால் துப்பாக்கிப் பட்டறைக்காரர் ஒருவர் பார்க்காமல் சுட வேண்டாம்.

பக்கவாட்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாதி திறந்த நிலையில் பிரீச்சைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் இலேசான ஆட்டம் எல்லாத் துப்பாக்கியிலும் இருக்கும், அது குறையல்ல. முழுதாக மூடிய நிலையில் ஆட்டம் இருக்கவே கூடாது.

குழல்களைக் கழற்றி, ஒரு நூலில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டிப் பார்ப்பது பழைய முறை. கோயில் மணிபோல் ரீங்காரம் நீண்டு வந்தால் பட்டையின் பற்று உறுதி. ஓட்டைச் சட்டியைத் தட்டியதுபோல் செத்த சத்தமோ "ஜிர்" என்ற அதிர்வோ வந்தால் பற்று எங்கோ விட்டிருக்கிறது. டார்னின் பெயர்பெற்ற இறகுக் குழல்களில் மேல் பட்டை பின்முனையில் தொடங்கிச் சிறிது தூரத்திலேயே குழல்களுக்கிடையே தாழ்ந்துவிடும். பற்று விட்டால் அந்தப் பள்ளத்தில் ஈரம் தங்கி உள்ளிருந்து துருவேறும். அடியில் தோள்வார் வளையம் இருந்தால் அதன் பக்கங்களையும் தட்டிக் கேளுங்கள், பற்று முதலில் விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

விசை, காப்பு, கட்டை

சுடும் விசைகளைச் சோதிக்கப் போலித் தோட்டா கட்டாயம். வெறுமையாகக் கிளிக் செய்துகொண்டே இருந்தால் ஸ்ட்ரைக்கர் முனை உடையும், டார்னுக்கு அது கடையில் தொங்கிக்கொண்டிருக்கும் பொருள் அல்ல, ஒருவர் உட்கார்ந்து கடைந்து தர வேண்டும். பிரீச்சின் இடப்பக்கத்தில் உள்ள சிறு நெம்புதான் தவறிச் சுடாமல் தடுக்கும் காப்பு. மடிப்புத் துப்பாக்கியில்போலக் கழுத்தின் மேல் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் அது இல்லை. அதைப் போட்டு இரண்டு விசைகளையும் அழுத்துங்கள், விடுங்கள், பிறகு காப்பை எடுங்கள். காப்பை எடுத்த கணத்தில் தானாகச் சுட்டால் அந்தத் துப்பாக்கி ஆபத்தானது, அழகு எவ்வளவு இருந்தாலும்.

கட்டை பொதுவாக வால்நட். மெல்லிய நேரான கழுத்து இலகுவுக்காகச் செய்தது, உடைவதும் அங்கேதான். உலோகச் சட்டம் முடிந்து மரம் தொடங்கும் கோட்டில் நகத்தால் வருடிப் பாருங்கள். தலைமுடி போல ஒரு கோடு தட்டுப்பட்டால், அழுத்தி விட்டு அது திறந்து மூடுகிறதா என்று கவனியுங்கள். அந்த இடத்து மரம் கறுத்து மெத்தென்று இருந்தால் பல ஆண்டுகளாகத் துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து எண்ணெய் வடிந்து மரத்தைத் தின்றிருக்கிறது. அப்படி ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. முதலில் எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும்.

சில பிரஞ்சுத் துப்பாக்கிகளில் கட்டைக்குள்ளே சுருண்டு போகும் தோல்வார் ஒன்று இருக்கும். இழுத்தால் வரும், விட்டால் சுருள்வில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது உடைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம், பின் தகட்டைக் கழற்றினால் வேலை செய்யலாம். அதை யாராவது அடைத்து மெழுகு பூசி மறைத்திருந்தால் மதிப்பு குறையும்.

சட்ட விதிகளைப் பற்றி ஒரே பத்தி. பிரான்சில் 1900 ஜனவரி 1-க்கு முந்தைய மாதிரியாக இருந்தால் வரலாற்று ஆயுதம் என்ற டி பிரிவில் வரும். கவனியுங்கள், கணக்கில் எடுப்பது மாதிரியின் ஆண்டு. தாமாகச் செயல்படாத இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள் சி பிரிவில் பதிவுக்குரியவை. நாம் சேகரிக்க விரும்பும் டார்ன்களில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. "பழசு, காகிதம் வேண்டாம்" என்று விற்பவர் சொல்வதை ஏற்காதீர்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் விலை பேசுவதற்கு முன்பே தங்கள் நாட்டு உரிமம், இறக்குமதி விதி இரண்டையும் முடித்துவிட வேண்டும்.

தொலைவிலிருந்து வாங்கினால் குறைந்தது இந்தப் படங்களைக் கேளுங்கள்: திறந்த பிரீச்சின் முகம் நேராக, குழல் அடி முத்திரைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, மூன்று வரிசை எண்கள், பிரீச் மூடிய நிலையில் குழல் சேரும் கோடு பக்கவாட்டில், கழுத்தின் இரண்டு பக்கமும், குழல் வாய். அழகாக மெத்தையில் சாய்த்து வைத்த படம் எதற்கும் உதவாது. பிரீச் முகத்தின் படத்தைத் தர மறுப்பவரிடம் வாங்கவேண்டாம்.

வாங்கி வந்த பிறகு, அறைகள் காலி என்று உறுதிசெய்துகொண்டு, முதலில் தண்டவாளத்தைச் சுத்தம் செய்யுங்கள். இந்தத் துப்பாக்கிகளில் "நெம்புகோல் இறுகிவிட்டது" என்று வரும் புகார்களுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஐம்பது வருடத்துக் கிரீஸ். அது காய்ந்து பழுப்பு அரக்குபோல் ஆகிவிடும். சிலர் அது தெரியாமல் காதுகளைப் பலங்கொண்டு இழுத்து நெம்புகோலையே வளைத்துவிடுவார்கள். பிரீச்சை முழுதாகப் பின்னால் இழுத்து, தண்டவாளத்தில் மெல்லிய ஊடுருவும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, ஒரு இரவு விடுங்கள். துப்பாக்கியை வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள், எண்ணெய் கட்டைக்குள் இறங்காமல் இருக்கும். மறுநாள் மூங்கில் குச்சியைச் சீவி, துணி சுற்றி, பள்ளத்தின் மூலை வரை துடைத்தெடுங்கள். இரும்புக் குச்சி வேண்டாம். துணி பழுப்பில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், அதற்குமேல் வேண்டாம். கிரீஸ் மறுபடி வைத்தால் தூசியும் எரியாத மருந்துத் துகளும் அதில் ஒட்டி, அரைக்கும் பசையாகித் தண்டவாளத்தைத் தின்னும்.